திறப்பைத் திருப்பினால் என்ன சத்தம்?

ஒன்ராறியோவில் ஏப்ரல் பாதி கடந்து பனி கரைந்து முடிந்ததும் என் தொலைபேசி ஓயாது. அழைப்பவர்கள் எல்லாரும் சொல்வது ஒரே வசனம்தான்: மெசின் ஸ்ராட் ஆகுதில்லை. ஏறி இருந்து ஓட்டும் புல்வெட்டியைத்தான் சொல்கிறார்கள். ரொறன்ரோவைத் தாண்டி வடகிழக்கே ஊர்ப்புறத்துக்குள் வந்தால் அதை லோன் டிராக்டர் என்பார்கள். அரை ஏக்கர் புல் உள்ள வளவென்றால் ஒன்று நிற்கும். ஒக்ரோபரில் கொட்டிலுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியவருக்கு, மே மாத நீண்ட வார இறுதிக்கு முன் அது ஓடியாக வேண்டும். புல் முழங்காலைத் தொட்ட பிறகுதான் பலருக்கு அப்படி ஒரு மெசின் இருக்கும் நினைப்பே வரும்.

நான் திருப்பிக் கேட்பதும் எப்போதும் ஒரே கேள்விதான். "திறப்பைத் திருப்பினால் என்ன சத்தம் கேக்குது?"

ஒழுங்கான பதில் கிடைத்தால் பாதி வேலை அப்போதே முடிந்துவிடும். ஒரு சத்தமும் இல்லையா, ஒரேயொரு 'டக்' கேட்டு அடங்குகிறதா, 'டகடகடக' என்று விடாமல் அடிக்கிறதா, அரைச் சுற்றுச் சுற்றி முட்டி நிற்கிறதா, நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? ஒவ்வொன்றும் என்னை மெசினின் வேறொரு மூலைக்கு அனுப்பும். ஆனால் பெரும்பாலானோர் சத்தத்தைச் சொல்வதில்லை. வாங்கிப் பூட்டிய சாமான்களைச் சொல்வார்கள். பற்றரி புதுசு, பிளக் புதுசு, மகன் ஒன்லைனில் காபரேற்றர் எடுத்துத் தந்தவன், அதுவும் போட்டாச்சு.

முப்பது வருசத்துக்குக் கிட்ட இந்தத் தொழிலில் நின்ற எனக்குத் தெரிந்தவரை, கடைக்கு வரும் மெசின்களில் பழுதான சாமானைவிட, பழுதென்று நினைத்துக் கழற்றி எறியப்பட்ட நல்ல சாமான்தான் கூட. காரணத்தைத் தேடுவதைவிடச் சாமான் வாங்குவது சுலபம். காசைக் கொடுத்தால் கையில் ஒன்று கிடைக்கிறது. மீற்றரில் தெரியும் இலக்கத்தை யாரும் பெட்டியில் போட்டு விற்பதில்லை.

நான் எஞ்சின் வேலை பழகியது புல்வெட்டியில் அல்ல. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் இறைக்கும் மெசின் திருத்தும் ஒரு கடையில். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கிற சின்ன மண்ணெண்ணெய் எஞ்சின்கள்தான் எங்கள் சோறு. தோட்டக்காரர் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வருவார். அன்றைக்கே இறைக்காவிட்டால் பயிர் வாடிவிடும். கடைக்கார ஐயா மெசினைக் கண்டதும் ஸ்பானரைத் தொடமாட்டார். கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு மூன்று கேள்வி கேட்பார்: எண்ணெய் வருதோ, நெருப்பு வருதோ, காத்தை அமுக்குதோ? இந்த மூன்றும் சரியான நேரத்தில் சேர்ந்தால் எந்த எஞ்சினும் ஓடித்தான் ஆகும் என்பது அவருடைய கணக்கு. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் பெற்றோல் அருமையாகிப்போனது. மோட்டார் சைக்கிள்கள்கூட மண்ணெண்ணெயில் ஓடின. சூடேறிய எஞ்சினில் மண்ணெண்ணெய் எரியும். குளிர்ந்த எஞ்சினை அது பிடிக்கவைக்காது. ஆகவே ஒரு சின்னக் குப்பியில் பெற்றோலைப் பொத்திப் பொத்தி வைத்திருந்து, காபரேற்றருக்குள் சில துளி விட்டு உதைப்போம். பிடித்துக்கொண்டால் மிச்சத்தை மண்ணெண்ணெய் பார்த்துக்கொள்ளும். அந்தச் சில துளிப் பழக்கம் இங்கே எனக்கு எவ்வளவு உதவியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் கனடாவுக்கு வந்து, முதலில் ஒரு சின்ன எஞ்சின் திருத்தும் கடையில் கூலிக்கு நின்றேன். அங்கே எனக்குப் புதிதாக இருந்தது எஞ்சின் அல்ல, அதைச் சுற்றி இருந்த வயர்கள். தண்ணீர் மெசினில் ஒரு பிளக் வயரும் நிறுத்துவதற்கு ஒரு தகடும்தான். இங்கே சீற்றுக்கு அடியில் ஒரு சுவிச், பிரேக் மிதிக்கு ஒன்று, கத்தியைப் பூட்டும் நெம்புகோலுக்கு ஒன்று. அமெரிக்காவில் 1982இலிருந்து, நடந்து தள்ளும் புல்வெட்டியில் கைபிடியை விட்டால் 3 செக்கனுக்குள் கத்தி நிற்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஏறி ஓட்டும் மெசின்களுக்கு உற்பத்தியாளர்களே ஒப்புக்கொண்ட தரவிதிகள் வழியாக இந்தச் சுவிச்சுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் பின்னுக்கு எடுக்கும்போது கத்தி ஓடாமல் தடுக்கும் ஏற்பாடும் வந்தது. பின்னால் நிற்கும் சின்னப் பிள்ளை ஓட்டுபவரின் கண்ணில் படாது என்பதால் வந்தது அது.

அதனால் 'ஒரு சத்தமும் இல்லை' என்று யாராவது சொன்னால் நான் பற்றரிக்குப் போகமாட்டேன். முதலில் மிதியையும் நெம்புகோலையும் பார்ப்பேன். ஸ்ரோவில் பக்கம் இரண்டு ஏக்கரோடு வீடு வாங்கிய நம்மவர் ஒருவர், பழைய வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போன மெசினோடு மல்லுக்கட்டிக் களைத்து என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, பற்றரி புதுசு போட்டனான். திறப்புப் போடுற சுவிச்சும் மாத்தினனான். செத்த மாதிரி நிக்குது."

"பிரேக்கை அடிமட்டும் மிதிச்சனீங்களோ அண்ணை?"

"மிதிக்காமலோ! காலே நோகுது."

போய்ப் பார்த்தேன். பிரேக் சரி. கத்தி நெம்புகோல் பார்வைக்குக் கீழே இறங்கித்தான் நின்றது. ஆனால் அதன் கேபிள் இழுபட்டிருந்ததால் கடைசி ஒரு விரல்கடை இறங்கவில்லை. உள்ளே இருந்த சுவிச்சின் முனை அமரவில்லை. கத்தி ஓடிக்கொண்டிருக்கிறது என்று மெசின் நம்பிக்கொண்டு நின்றது. கையால் அமத்தினேன், 'டிக்' என்றது. திறப்பைத் திருப்ப எஞ்சின் எழும்பியது.

"இவ்வளவுதானோ?" என்றார் அண்ணை.

"இவ்வளவுதான். கேபிளை இழுத்துக் கட்டிவிடுறன்."

"அப்ப என்னத்துக்குக் காசு?"

அவர் பகிடிக்குத்தான் கேட்டார், பிறகு தந்தார். ஆனால் இந்தத் தொழிலின் வருமானம் முழுக்க அந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. நூற்றைம்பது டொலர் ஸ்ராட்டர் மாற்றினால் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஒன்றும் மாற்றாமல் காரணத்தைக் கண்டுபிடித்தால் கை பொக்கற்றுக்குள் போக மறுக்கும். சில கடைகள் சாமான் மாற்றிகளாக மாறியதற்கு வேலைக்காரரின் சோம்பல் பாதிக் காரணம், வாடிக்கையாளரின் இந்தக் கணக்கு மற்றப் பாதி.

கண்ணுக்கு நேரே ஒன்றும் பிடிபடாவிட்டால் நான் சொலினொயிட்டில் தொடங்குவேன். பற்றரிக்கும் ஸ்ராட்டருக்கும் நடுவில் இருக்கும் சின்ன உருளை அது. இரண்டு தடித்த முனை, பற்றரியிலிருந்து வருவதொன்று, ஸ்ராட்டருக்குப் போவதொன்று. மெல்லிய வயர் ஒன்றோ இரண்டோ தனியாக வரும். திறப்பிலிருந்து கட்டளை வருவது அந்த மெல்லிய வயரில்தான். சோதனை விளக்கின் கவ்வியை எஞ்சின் இரும்பில் மாட்டி, ஊசியை அந்த வயரில் வைத்துக்கொண்டு, யாரையாவது மிதியை மிதித்துத் திறப்பைத் திருப்பச் சொல்வேன். விளக்கு எரிந்தால் பியூஸ், திறப்புச் சுவிச், பிரேக் சுவிச், கத்திச் சுவிச் எல்லாமே ஒரே அடியில் சரி. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கத் தேவையில்லை. எரியாவிட்டால் பிழை அந்த வழியில்தான் எங்கோ இருக்கிறது. ஸ்ராட்டரைத் தொடவே வேண்டாம். வழியின் நடுவில் ஒரு கேள்வி கேட்டால் பாதிக் காட்டை வெட்டத் தேவையில்லாமல் போகும். நடுவில் எங்கே நிற்பது என்று தெரிவதுதான் இந்த வேலையில் அனுபவம் என்பது.

சுவிச்சை வெட்டி நேரே இணைத்துவிடச் சொல்லிக் கேட்பவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. சீற்றுச் சுவிச்சின் இணைப்புக்குள் பேப்பர் கிளிப்பைச் செருகி ஓட்டிய மெசின்களை எத்தனையோ கண்டிருக்கிறேன். சோதிக்கிற நேரத்துக்கு நானும் ஒரு வயர்த் துண்டால் இணைப்பேன், சோதனை முடிந்ததும் எடுத்துவிடுவேன். சறுக்கலில் மெசின் சாய்ந்து ஆள் விழுந்தால் கத்தியை நிறுத்துவது அந்தச் சின்னச் சுவிச் மட்டும்தான். 'அப்படியே விடு' என்று அடம்பிடிப்பவரின் மெசினை நான் வேலை செய்யாமலே திருப்பி ஏற்றிவிட்டிருக்கிறேன்.

'டகடகடக' என்று அடித்தால் அது பற்றரிக் குரல். அதில் பெரிய மர்மம் இல்லை. நல்ல சார்ஜில் ஆறுதலாக இருக்கும் 12 வோல்ற் பற்றரி 12.6 காட்டும். 12.4 என்றால் கால்வாசி இறங்கிவிட்டது. 12க்குக் கீழே போனால் அநேகமாக வெறுமை. ஆனால் சும்மா நிற்கும்போது காட்டும் இலக்கத்தை நம்பி ஏமாறக்கூடாது. திறப்பைத் திருப்பி எஞ்சினைச் சுற்றவிட்டுப் பார்க்கவேண்டும். அப்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பற்றரிக்குத் தெம்பில்லை. எங்கள் குளிர்காலத்தில் இன்னொரு சங்கதியும் உண்டு: முழுச் சார்ஜில் உள்ள பற்றரி கழித்தல் 60 பாகை வரை உறையாது, சார்ஜ் இறங்கியது கழித்தல் 7, 8 பாகையிலேயே உறையத் தொடங்கும். கொட்டிலில் விட்ட பற்றரி ஏப்ரலில் வயிறு ஊதி வெடித்து நிற்பது இதனால்தான். அதற்கு மருந்து இல்லை, மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது கூட்டல் முனை இடப்பக்கமா வலப்பக்கமா என்று பழையதைப் பார்த்து வாங்குங்கள். இந்த மெசின்களின் சின்னப் பற்றரி இரண்டு விதமாகவும் விற்கிறது. மாறி வாங்கிவிட்டு, கேபிள் எட்டும் பக்கத்தில் பூட்டிப் பியூசை எரித்தவர்கள் வருசாவருசம் வருகிறார்கள்.

ஒரே 'டக்' கேட்டு அடங்குவதுதான் ஆட்களை அதிகம் செலவழிக்க வைக்கும் சத்தம். பற்றரி நல்லது, சொலினொயிட் அடிக்கிறது, ஆகவே ஸ்ராட்டர் போய்விட்டது என்று முடிவு கட்டுவார்கள். உக்ஸ்பிரிட்ஜுக்கு மேலே குதிரை வளர்க்கும் ஒரு அம்மா புது ஸ்ராட்டர் பூட்டியும் அதே 'டக்' என்று கொண்டுவந்தார். மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் கழித்தல் கம்பத்திலும் மற்றதை எஞ்சின் இரும்பிலும் வைத்தேன். இரண்டும் ஒன்றோடொன்று இணைந்தவை, ஒன்றும் காட்டக்கூடாது. திறப்பைத் திருப்பிப் பிடிக்கச் சொன்னேன். மூன்று வோல்ற்றுக்கு மேலே ஏறியது. அரை வோல்ற் தாண்டினாலே அந்தப் பாதையில் பிழை. கறுத்தக் கேபிள் சட்டத்தில் பூட்டுப்படும் ஆணியைக் கழற்றினேன். வெளியில் பெயின்ற் பளபளத்தது, கண்ணிக்கு அடியில் முழுக்கக் கறள். அரத்தாளால் இரும்பு தெரியும்வரை தேய்த்து, மேலே கிரீஸ் பூசி இறுக்கினேன். அவருடைய பழைய ஸ்ராட்டரையே திருப்பிப் பூட்டினாலும் ஓடியிருக்கும். அதை அவர் ஏற்கெனவே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்.

இனி நான் மிகவும் விரும்பும் பழுதுக்கு வருகிறேன். திறப்பைத் திருப்பினால் எஞ்சின் துள்ளிக் கிளம்பும், அரைச் சுற்றில் சுவரில் முட்டியதுபோல நிற்கும். விட்டுவிட்டுத் திருப்பினால் சிலவேளை தாண்டி ஓடும், சிலவேளை முட்டியே நிற்கும். லின்ட்சிப் பக்கத்திலிருந்து இளைப்பாறிய பள்ளிக்கூட பஸ் சாரதி ஒருவர் அப்படி ஒன்றை ட்ரெய்லரில் ஏற்றி வந்தார். ஒற்றைச் சிலிண்டர், தலையில் வால்வ் உள்ள எஞ்சின். பற்றரி, சொலினொயிட், ஸ்ராட்டர், இரண்டு கேபிள் எல்லாம் புதிது. கடைசியாகப் போன இடத்தில் எஞ்சின் முடிந்துவிட்டது, புது மெசின் எடுங்கள் என்று விலைத்துண்டும் கொடுத்திருந்தார்கள். அதைச் சட்டைப் பொக்கற்றில் மடித்து வைத்திருந்தார்.

முதல் வேலையாகப் பிளக்கைக் கழற்றினேன். பிளக் வயரை இரும்பில் மாட்டிவிட்டுத் திறப்பைத் திருப்பச் சொன்னேன். எஞ்சின் விசிறிபோலச் சுற்றியது. அதாவது பற்றரி, கேபிள், சொலினொயிட், ஸ்ராட்டர் எல்லாமே நல்லவை, பழையவையும் நல்லவையாகத்தான் இருந்திருக்கும். ஸ்ராட்டரால் தாண்ட முடியாமல் நின்றது கொம்பிரசன் ஒன்றுதான். பிளக் ஓட்டையால் பெற்றோல் பீச்சியடித்திருந்தால் அது வேறு கதை. காபரேற்றரின் ஊசி வால்வ் கசிந்து சிலிண்டருக்குள் பெற்றோல் நிரம்பியிருக்கும், ஒயிலும் மட்டத்துக்கு மேலே ஏறிப் பெற்றோல் மணக்கும். இங்கே ஒயில் சுத்தமாக இருந்தது.

இந்த எஞ்சின்களின் முழு அமுக்கத்தையும் தாண்டிச் சுற்ற இவ்வளவு சின்ன ஸ்ராட்டரால் முடியாது. அதனால் கேம் தண்டில் ஒரு சின்ன மேடு வைத்திருப்பார்கள். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது மட்டும் அது ஒரு வால்வை மயிரிழை தூக்கிக் கொஞ்சக் காற்றைக் கசியவிடும். வேகம் எடுத்ததும் ஒதுங்கிக்கொள்ளும். அந்த மேட்டின் உயரம் மிகக் கொஞ்சம். வருசக்கணக்கில் ஓடி வால்வ் இடைவெளி கூடிவிட்டால், மேடு எழும்பும், வால்வைத் தொடாது. காற்றுக் கசியாது. ஸ்ராட்டர் முட்டி நிற்கும்.

வால்வ் மூடியின் நான்கு ஆணியைக் கழற்றி, அமுக்க அடியின் உச்சியிலிருந்து பிஸ்டன் கால் அங்குலம் இறங்கும்வரை கையால் சுற்றினேன். உச்சியிலேயே வைத்து அளந்தால் அந்த மேடு குறுக்கே வந்து கணக்கைப் பிழைக்க வைக்கும். அளவுத் தகட்டைச் செருகிப் பார்த்தேன். பரவலாக வரும் இந்த வகைகள் பலவற்றுக்கு உள்வால்வில் 0.003 முதல் 0.005 அங்குலம், வெளிவால்வில் 0.005 முதல் 0.007 அங்குலம் இருக்கவேண்டும். பஸ்காரரின் மெசினில் ஆயிரத்தில் பத்து அங்குலத் தகடும் தாராளமாகப் போய் வந்தது. அளவுக்குக் கொண்டுவந்து, பூட்டு நட்டை இறுக்கி, இறுக்கிய பிறகு இன்னொருமுறை அளந்து மூடியைப் போட்டேன். இறுக்கும்போது அளவு ஓடும், அதனால்தான் இரண்டாம் முறை. திறப்பைத் தொட்டதும் எழும்பியது. மனுசன் பேசவில்லை, விலைத்துண்டை எடுத்து என் வேலைமேசையில் வைத்தார். புதுச் சாமானுக்கு என்று நான் எடுத்தது மூடியின் காஸ்கற்றுக்கு மட்டும்தான். அந்த வருசத்துக்குப் பிறகு அவருடைய தெருவே என்னிடம் வந்தது.

எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால் ஐயாவின் கேள்விகள் திரும்ப வரும். எண்ணெயா, நெருப்பா? அங்கேதான் சுன்னாகத்துத் துளிகள். காற்று வடியைக் கழற்றி, முகத்தை விலக்கிக்கொண்டு, காபரேற்றரின் வாய்க்குள் ஒரு தேக்கரண்டி புதுப் பெற்றோல் விடுவேன். இரண்டு செக்கன் உறுமிவிட்டு நின்றால் நெருப்பும் அமுக்கமும் நேரமும் சரி, பெற்றோல்தான் வரவில்லை. ஒரு செருமலும் இல்லையென்றால் காபரேற்றரைக் கழற்றுவது வீண் வேலை. இந்த ஒரு சோதனை தெரியாமல்தான் இத்தனை காபரேற்றர்கள் விற்கின்றன.

பெற்றோல் வராததற்கு முக்கால்வாசிக் காரணம் பழசு. ஒன்ராறியோவில் 2007இலிருந்து பெற்றோலில் சராசரி 5 வீதம் எத்தனோல் கலக்கவேண்டும் என்று விதி வந்தது. 2020இல் அது 10 ஆகி, 2025இல் 11 ஆனது. எத்தனோல் ஈரத்தை இழுக்கும். தாங்கியில் ஆறு மாதம் கிடந்தால் தண்ணீர் சேர்ந்து அடியில் தனியாகப் பிரியும், காபரேற்றர் கிண்ணத்தில் வெள்ளையாகப் பொருமும். நான் வேலை தொடங்கிய வருசங்களில் வசந்தத்தில் கழற்றிய கிண்ணங்களில் மஞ்சள் பிசின்தான் இருக்கும்; இப்போது வெள்ளைப் பொருக்கும் பச்சைக் கறையும். துவாரத்தைத் துப்புரவாக்க நான் ஒரு செப்பு வயரின் ஒற்றை நூலைத்தான் பாவிப்பேன். உருக்குக் கம்பியை விட்டால் துவாரம் பெருத்துவிடும். பிறகு எஞ்சின் கறுத்தப் புகை கக்கும்.

கழற்ற முன் காபரேற்றருக்கு அடியில் ஒரு வயர் போகிறதா என்று பாருங்கள். பெற்றோலை நிறுத்தும் சின்னச் சொலினொயிட் அது. திறப்பை முதல் படிக்குத் திருப்பும்போது அதில் ஒரு மெல்லிய 'டிக்' கேட்கவேண்டும். கேட்காவிட்டால் காபரேற்றருக்குள் எவ்வளவு துப்புரவு செய்தும் பலனில்லை. மலிவுக் காபரேற்றர்கள் தபாலில் வரத் தொடங்கிய பிறகு ஒரு மணித்தியாலம் இருந்து துப்புரவு செய்யும் வேலையின் பெறுமதி போய்விட்டது. கூலியைவிடப் புதுசு மலிவு. நானும் பூட்டிக் கொடுக்கிறேன். ஆனாலும் பழையதை ஒரு பையில் போட்டு வாடிக்கையாளரிடமே திருப்பிக் கொடுப்பேன். வந்ததன் துவார அளவு சிலவேளை கொஞ்சம் முன்பின்னாக இருக்கும், அடுத்த வருசம் பழையதுதான் உதவும்.

நெருப்பு வராவிட்டால் கொயிலைக் குற்றம் சொல்ல முன் ஒரு வயரைக் கழற்றிப் பார்க்கவேண்டும். திறப்பை மூடும்போது எஞ்சினை நிறுத்துவது, கொயிலிலிருந்து வரும் ஒரு மெல்லிய வயர் இரும்பில் படுவதால்தான். அது எங்காவது தோல் உரிந்து எப்போதும் இரும்பில் பட்டுக்கொண்டிருந்தால் மெசின் எப்போதும் மூடிய நிலையில்தான் இருக்கும். அந்த வயரைக் கழற்றியதும் நெருப்பு வந்தால் கொயில் நல்லது. சோதனை முடிந்ததும் திருப்பிப் பூட்ட மறக்கவேண்டாம். இல்லாவிட்டால் எஞ்சினை நிறுத்த வழி இருக்காது.

தோலை உரிப்பது யார் என்றால் சுண்டெலி. ஒன்ராறியோக் கொட்டிலில் குளிர்காலம் முழுக்க அவருக்கு எஞ்சின் மூடிதான் வீடு. விசிறி மூடியைத் தூக்கினால் சீற்றுப் பஞ்சு, காய்ந்த புல், மேப்பிள் விதைக் கோது எல்லாம் உருண்டையாகக் கிடக்கும், மூத்திர மணம் கண்ணைக் கரிக்கும். வயரைக் கடித்ததோடு போனால் பரவாயில்லை. கூட்டைக் கவனியாமல் ஓட்டினால் குளிர்காற்றுப் போக வழியில்லாமல் எஞ்சின் வெந்துபோகும். என்ன பழுதுக்கு வந்த மெசினாக இருந்தாலும் வசந்தத்தில் அந்த மூடியைத் தூக்காமல் நான் அனுப்புவதில்லை.

மரக்கட்டையில் கத்தி அடித்து நின்ற பிறகு ஓடவில்லை என்றால், பறப்புச் சில்லின் (பிளைவீல்) சாவிக்கட்டை அறுந்திருக்கலாம். எல்லாமே இருக்கும், நேரம் மட்டும் பிசகியிருக்கும். ஓரிரு டொலர்ச் சாமான் அது.

தொழிலைச் சுற்றியுள்ள உலகம் என் கண்முன்னே கலைந்துபோனது. நான் கையால் பிரித்துப் பழகிய டெகும்சே எஞ்சின்களின் உற்பத்தி 2008இல் நின்றது. 2018 ஜனவரியில் சியர்ஸ் கனடாவின் கடைசிக் கடைகள் மூடின. அவர்களிடம் வாங்கிய கிராஃப்ற்ஸ்மன் மெசின் இல்லாத தெரு அப்போது இந்தப் பக்கத்தில் இல்லை. 1908இல் மில்வோக்கியில் தொடங்கிய பிரிக்ஸ் அண்ட் ஸ்ராட்டன் 2020 ஜூலையில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு, வேறு கைக்கு மாறியது. கோலரின் எஞ்சின் பிரிவு 2024இல் ரெல்கோ என்ற பெயருக்குப் போனது. கலிபோர்னியாவில் அதே 2024இலிருந்து விற்பனைக்கென்று புதிதாகச் செய்யும் புல்வெட்டிகள் புகை கக்கக்கூடாது என்று சட்டம் வந்தது; அதற்கு முன் செய்தவற்றை விற்கலாம். இங்கே அந்தச் சட்டம் இல்லை, ஆனாலும் லித்தியம் பற்றரியில் ஓடும் டிராக்டர்கள் என் தெருவுக்கும் வந்துவிட்டன. அவை ஓடாவிட்டால் சத்தமே இல்லை, திரையில் ஒரு இலக்கம் வரும். அவற்றை நான் எடுப்பதில்லை. உள்ளே திறக்க விடாத மெசினில் எனக்கு வேலையில்லை.

நல்ல மாற்றமும் உண்டு. முன்பு மொடல் இலக்கம் கேட்டால் "பச்சை நிறம்" என்பார்கள். இப்போது சீற்றுக்கு அடியில் உள்ள தகட்டைப் படமெடுத்து அனுப்புகிறார்கள். எஞ்சினின் இலக்கம் வேறு, மெசினின் இலக்கம் வேறு, இரண்டையும் அனுப்புங்கள். திறப்பைத் திருப்பும்போது கேட்பதையும் பத்துச் செக்கன் பதிந்து அனுப்புகிறார்கள் சிலர். அதைக் கேட்டே, மெசினை ஏற்றாமல், கறுத்தக் கேபிள் ஆணியைத் தேய்க்கச் சொல்லி முடித்த நாட்கள் இருக்கின்றன. அதற்கு நான் காசு கேட்பதில்லை, கேட்டாலும் தரமாட்டார்கள்.

வாசிக்கும் உங்களில் யாராவது அப்படி ஒரு மெசின் வைத்திருந்தால் ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். கடைசி வெட்டுக்கு முன் புதுப் பெற்றோலில் நிலைப்படுத்தும் மருந்தைக் கலந்து பத்து நிமிசம் ஓடவிடுங்கள், அது காபரேற்றருக்குள் போகவேண்டும். பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சார்ஜில் வையுங்கள். எலிப்பொறி ஒன்று கொட்டிலில் இருக்கட்டும். மூன்று நாலு வருசத்துக்கு ஒருமுறை வால்வ் இடைவெளியை அளந்துவிடுங்கள். அளவுத் தகடு இல்லாவிட்டால் மெசினை என்னிடமோ உங்களுக்குக் கிட்ட உள்ள என்போன்ற ஒருவரிடமோ நவம்பரில் கொண்டுபோங்கள். மே மாதத்தில் மூன்று கிழமை காத்திருக்கவேண்டும். நவம்பரில் கொண்டுவந்தால் அடுத்த நாளே ஏற்றிக்கொண்டு போகலாம்.